புரையேறாமல் புரையேறுவது

அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 11 மாத்திரைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எத்தனை நாள் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: வீட்டில் நர்சிங் கேர் தொடரவும். அதற்குக் கட்டமும் இல்லை, விளக்கமும் இல்லை. எங்களுக்கும் அது உறுத்தவில்லை. நர்சிங் என்றால் தெரியாதா? உடம்பு துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, டியூபில் கஞ்சி ஊற்றுவது, நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது. கூடமாட ஒரு ஆள் இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று புரிய எங்களுக்கு 5 வாரம் ஆயிற்று. இந்த மாதமும் எத்தனையோ குடும்பங்கள் இதே வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸிலிருந்து இறங்கும். அவர்களில் ஒருவராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா மின்வாரியத்தில் 31 வருடம் லைன்மேன். பொங்கல் முடிந்த நாலாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் 19 நாள் இருந்தார். மூக்கு வழியாக வயிற்றுக்குக் கஞ்சி போகிற ரைல்ஸ் டியூபும் பக்கத்தில் யூரின் பையுமாக மன்னார்குடி வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கட்டில் போட்டோம். ஒரு ஏஜென்சியில் சொல்லி 'ஹோம் நர்ஸ்' வைத்தோம். பகல் 12 மணி நேரத்துக்கு 900 ரூபாய். இரவுக்கு அம்மாவும் நானும்.

வந்த பையனுக்கு 22 வயது இருக்கும். நல்ல பையன். அருவருப்பு இல்லாமல் எல்லாம் செய்வான், அப்பாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முகம் மழிப்பான். ஆனால் அவன் எந்த நர்சிங் பள்ளிக்கும் போனவன் இல்லை. ஏஜென்சியில் பத்து நாள் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவனாக அதை மறைக்கவும் இல்லை. நாங்கள்தான் கேட்கவில்லை. நீல நிறச் சட்டை போட்டிருந்தான், கையில் பிபி பார்க்கும் கருவி இருந்தது, அதனால் நர்ஸ் என்றோம்.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நர்சம்மா வந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராஜகோபால சுவாமி கோயிலில் அம்மாவைப் பார்த்திருக்கிறார். அம்மா கண் கலங்கியதும், "நான் ஒரு எட்டு வந்து பார்க்கிறேம்மா" என்று சொல்லி, அன்றைக்கே வந்துவிட்டார்.

உள்ளே வந்தவர் அப்பாவைத் தொடவே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். டிவியை நிறுத்தச் சொன்னார். போர்வையை மார்புக்குக் கீழே இறக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். அம்மா காபி கொண்டுவந்து நீட்டியதைக் கவனிக்கவே இல்லை. முழுசாக ஒரு நிமிடம். அப்புறம் இன்னொரு நிமிடம்.

"28," என்றார்.

அப்பாவின் மூச்சைத்தான் எண்ணியிருக்கிறார். ஐந்து வாரத்தில் எங்கள் வீட்டில் யாருமே செய்யாத ஒரு வேலை. தினமும் காலையும் மாலையும் பிபி பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம், காய்ச்சல் பார்த்தோம். மூச்சை எண்ண வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். தெர்மாமீட்டரில் 98.8. அம்மாவிடம் கேட்டார்: "ராத்திரி தூக்கம் எப்படிம்மா?"

"நல்லாத் தூங்கறாங்க சிஸ்டர். ரெண்டு நாளா பகல்லயும் தூக்கம்தான். இப்பத்தான் உடம்பு ஓய்வு கேக்குது போல."

"எழுப்பினா முன்ன மாதிரி உங்களைப் பார்க்கறாங்களா?"

அம்மா யோசித்தார். "பார்க்கறாங்க. ஆனா உடனே கண்ணு சொக்கிடுது."

நர்சம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டி சொல்லுங்க. இப்பவே கூட்டிட்டுப் போயிடலாம்."

"காய்ச்சல் இல்லையே சிஸ்டர்?"

"காய்ச்சல் வரும். அது வர்றதுக்குள்ள போய்ச் சேரணும்."

அன்று இரவு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. நிமோனியா. விடியற்காலை 3 மணிக்குக் காய்ச்சல் 102-க்கு ஏறியது. அதற்குள் ஆக்சிஜனும் ஆன்டிபயாடிக்கும் ஓடத் தொடங்கி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. இந்த நாலு மணி நேரத்தை நான் எத்தனையோ ராத்திரி திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூச்சைப் பற்றி நர்சம்மா பின்னால் விளக்கினார். உடம்பில் ஏதோ கெட்டுப்போகத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் வேகம். பிபியை உடம்பு கடைசிவரை இழுத்துப் பிடித்துவைக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் தாமதமாக வரலாம், வராமலே போகலாம். மூச்சு அப்படிக் காத்திருக்காது. அமைதியாகப் படுத்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12-லிருந்து 20 வரை சரி. பிரிட்டனின் மருத்துவமனைகளில் 2012 முதல் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். மூச்சு, ஆக்சிஜன், பிபி, நாடி, நினைவு, வெப்பம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அதில் மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கே அதிகபட்சமான 3 மதிப்பெண். உடனே மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்று பொருள். அப்பாவுக்கு 28. ஆனால் மூச்சை எண்ணக் கருவி தேவையில்லை என்பதாலேயோ என்னவோ, பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பல சமயம் எண்ணாமலேயே 20 என்று எழுதிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. "ஒரு நிமிஷம் நின்னு பார்க்கிறதுல மூச்சு மட்டுமா தெரியும்? நெஞ்சு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எழும்புதா, கழுத்துச் சதை உள்ள இழுக்குதா, உதடு என்ன நிறம், எல்லாம் தெரியும்ல தம்பி."

சரி, நிமோனியா எங்கிருந்து வந்தது?

மருத்துவமனையில், வாய் வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அம்மாவும் சாப்பாடு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் 45 வருடமாகக் காலையில் எழுந்ததும் அப்பா குடிப்பது அம்மா கையால் கலந்த காபி. அதன் வாசனை வந்ததும் அப்பாவின் கண் அடுப்படிப் பக்கம் திரும்பும். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் மூன்று ஸ்பூன், நாக்கை நனைக்கிற அளவுக்கு, அம்மா கொடுத்து வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இருமல்கூட வந்ததில்லை. அதனால் தப்பில்லை என்று நினைத்திருக்கிறார்.

நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம், உச்சந்தலையில் தட்டுவோம். அந்த இருமல் உண்மையில் தொண்டையின் காவல். மூச்சுக்குழாயின் வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தவறி விழுந்தாலும் விரட்டியடிக்கும். பக்கவாதம் வந்த பலருக்கு அந்தக் காவல் மழுங்கிப் போகிறது. தொண்டைக்கு உணர்வே இல்லாததால், உள்ளே போவது நேராக நுரையீரலுக்குப் போனாலும் இருமல் வராது. புரையேறாமலே புரையேறுகிறது. மருத்துவத்தில் இதை மௌனமாகப் புரையேறுவது என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். வெளியே தெரிகிற அடையாளங்கள் சின்னச் சின்னவை. விழுங்கியபின் குரல் ஈரமாக, களகளவென்று கேட்கும். கண்ணில் நீர் கோக்கும். மூச்சு கொஞ்சம் வேகமாகும். தெரிந்தவர் பார்த்தால்தான் தெரியும்.

ஐசியு வாசலில் இதைக் கேட்ட அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நர்சம்மா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "காபிதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அவங்க எச்சிலே உள்ள போயிருக்கலாம். கஞ்சி வயித்திலேருந்து ஏறி வந்திருக்கலாம். டியூப் போட்டிருந்தாலும் அதெல்லாம் நடக்கும்."

அது ஆறுதலுக்காகச் சொன்னதில்லை, உண்மை. பையன் கஞ்சி ஊற்றும்போது அப்பாவுக்கு ஒரே ஒரு தலையணைதான் இருக்கும். ஊற்றி முடித்ததும் பக்கத்தில் திருப்பித் துணி மாற்றுவான். தலைமாடு குறைந்தது 30 டிகிரியாவது உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றியபின் ஒரு மணி நேரமாவது அப்படியே உட்காரவைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, வாய். வாயால் சாப்பிடாதவருக்கு எதற்குப் பல் தேய்ப்பது என்று நாங்கள் விட்டுவிட்டோம். சாப்பிடாத வாயில்தான் எச்சில் ஓட்டம் குறைந்து கிருமி பெருகும், அந்த எச்சில்தான் நெஞ்சுக்குள் இறங்கும். நாளுக்கு மூன்று முறையாவது வாயைச் சுத்தம் செய்வது நிமோனியாவைத் தடுக்கிற வேலை என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

படுக்கைப்புண் விஷயமும் அன்றைக்கே வெளியே வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நர்சம்மா அப்பாவை ஒருக்களித்துத் திருப்பி முதுகைப் பார்த்தார். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொஞ்சம் கறுத்திருந்தது. சிவந்தால் சொல்லுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள், நாங்களும் சிவப்பைத் தேடினோம். அப்பா நல்ல கறுப்பு. எங்கள் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? நர்சம்மா டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். புறங்கையை அந்த இடத்தில் வைத்தார், பிறகு ஒரு சாண் தள்ளி வைத்தார். "இங்க சூடு. அங்க இல்ல. தொட்டுப் பாருங்க தம்பி." தொட்டேன். பக்கத்துச் சதையைவிட அந்த இடம் விறைப்பாக, மாவு உருண்டையைப் போல இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தபோது நிறம் மாறவில்லை. கறுத்த தோலில் சிவப்பைத் தேடாமல் சூட்டையும் விறைப்பையும் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு நிமிடத்தில் என் விரல் கற்றுக்கொண்டது.

அந்த இடத்தில் பையன் தினமும் பவுடர் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவான். பார்க்கிற எங்களுக்கும் திருப்தியாக இருக்கும். எலும்பு துருத்திய இடத்தில், ஏற்கெனவே ரத்த ஓட்டம் நசுங்கிக் கிடக்கும் சதையைத் தேய்த்தால் உள்ளுக்குள் இன்னும் கிழியும். மருந்துக்கடையில் சொன்னார்கள் என்று காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்று வாங்கி இடுப்புக்கு அடியில் வைத்திருந்தோம். அந்த வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கிற சதைக்கு வருகிற ரத்தத்தையும் நிறுத்திவிடுமாம். இதையெல்லாம் அன்பாகத்தான் செய்தோம். காசு செலவழித்துத்தான் செய்தோம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். எப்படித் திருப்புவது என்று யாரும் சொல்வதில்லை. முழுசாகப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் முனை அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையைத் தொடக் கூடாது, கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்து அது அந்தரத்தில் நிற்க வேண்டும். விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும். காது மடலின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும், ஆக்சிஜன் குழாயின் கயிறு அங்கேதான் அறுக்கும்.

மாத்திரைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 11 மாத்திரைகளையும் அம்மா அம்மிக்குழவியால் நுணுக்கித் தண்ணீரில் கலந்து டியூபில் ஊற்றிக்கொண்டிருந்தார். நர்சம்மா அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். அது பிபி மாத்திரை, பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்எல்' என்று இருந்தது. 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மருந்து. நுணுக்கினால் ஒரு நாள் மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கும். காலை 10 மணிக்கு அப்பாவின் நாடி 52-க்கு இறங்கிப்போகிற மர்மம் அதோடு விளங்கியது. டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரையாக மாற்றினார்கள்.

இத்தனையையும் பார்த்தபின் எனக்கு ஒரு கேள்வி. நர்சம்மா அன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன 'செய்தார்'? ஊசி போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை. நின்று பார்த்தார், தொட்டுப் பார்த்தார், ஓரிரு கேள்வி கேட்டார். ரசீது போட்டால் எழுத எதுவுமே இருக்காது. ஆனால் அப்பா இன்றைக்கு இருப்பது அதனால்தான்.

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, அமெரிக்காவில் இதற்குச் சட்டத்திலேயே ஒரு வரையறை உண்டு என்றாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி இடுப்பெலும்பு முறிந்து அப்படியொரு இடத்தில் 6 வாரம் இருந்திருக்கிறார். அங்கே அதற்குப் பெயரே 'ஸ்கில்டு நர்சிங்', அதாவது தேர்ச்சி பெற்றவர் கையால் நடக்கும் பராமரிப்பு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனையில் குறைந்தது 3 நாள் உள்நோயாளியாக இருந்தவருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்பட்டால் 100 நாள்வரை பணம் கட்டும். முதல் 20 நாளுக்கு முழுசாக, அப்புறம் நோயாளியும் தினமும் ஒரு பங்கு போட வேண்டும். ஆனால் குளிப்பாட்ட, உடுத்திவிட, ஊட்டிவிட மட்டும்தான் ஆள் வேண்டும் என்றால் ஒரு டாலர்கூடக் கிடையாது. அதை அவர்கள் வேறு பெயர் சொல்லித் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவினையால் அங்கே குடும்பங்கள் படும் பாடு தனிக் கதை. முதுமையில் தினப்படி உதவிக்கு வழியில்லாமல் வீட்டை விற்றவர்களை அக்கா அறிவாள். அதை நான் நியாயம் என்று சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தச் சட்ட விதிகளைத் தேடிப் படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். எவையெல்லாம் தேர்ச்சி தேவைப்படும் பராமரிப்பு என்ற பட்டியலில் ஊசியும், ஆழமான படுக்கைப்புண்ணுக்கு வைத்தியமும் இருக்கின்றன. நாளின் கலோரியில் குறைந்தது 26 சதவீதமும் குறைந்தது 501 மில்லி திரவமும் டியூப் வழியாகப் போனால் அதுவும் சேர்த்தி என்று துல்லியமாக எழுதியிருக்கிறார்கள். இவற்றோடு இன்னும் மூன்று: நோயாளியின் நிலையைக் கவனித்து மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் முழுவதையும் மேற்பார்வையிடுவது, நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது. வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பது போலத் தெரிகிற வேலையைச் சட்டம் தேர்ச்சி என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது. நர்சம்மா எங்கள் கூடத்தில் நின்ற அந்த இரண்டு நிமிடத்துக்கு அங்கே ஒரு விதி எண் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் அங்கே உண்டு. தேறி வருபவருக்குத்தான் இந்தப் பராமரிப்பு, தேறாதவருக்கு இல்லை என்று பல வருடம் மறுத்திருக்கிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கண் பார்வையற்ற, கால் இழந்த ஜிம்மோ என்ற பெண்மணியின் பெயரில் வழக்குப் போட்டு, 2013-ல் சமரசத் தீர்வு வந்தது. இருக்கிற நிலைமை மோசமாகாமல் காப்பதற்கும் தேர்ச்சி தேவைப்படலாம், தேறுவாரா என்பது கேள்வியே இல்லை என்று அதில் தெளிவாக்கினார்கள். இதைப் படித்தபோது எங்கள் உறவில் ஒருவர் சொன்னது காதில் ஒலித்தது. "எழுந்து நடக்கப் போறாரா என்ன? எதுக்கு நர்சு கிர்சுன்னு செலவு?" நடக்கப்போகாத அப்பாவுக்குத்தான் நர்ஸ் அதிகம் தேவைப்பட்டார்.

நம் ஊரில் இந்தப் படிப்பு புதுசும் இல்லை. வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கிவிட்டது. 1946-ல் நாட்டிலேயே முதன்முதலாக நர்சிங்கைப் பட்டப்படிப்பாக ஆக்கிய இரண்டு இடங்களில் வேலூரும் ஒன்று, மற்றது டெல்லி. நர்சுகளைப் பதிவு செய்ய இங்கே 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்றைக்குத் துணை நர்ஸுக்கான ஏஎன்எம் படிப்பு 2 வருடம், நர்சிங் டிப்ளமாவான ஜிஎன்எம் 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். நாலு வருடம் உடற்கூறியலும் மருந்தியலும் படித்து, வார்டில் ராத்திரி டூட்டி பார்த்து வெளியே வருகிற பெண்ணையும், பத்து நாள் பயிற்சியோடு வருகிற பையனையும் நாம் ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். இதில் இருவருக்குமே அநியாயம் நடக்கிறது. படித்தவரின் படிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. படிக்காத பையன் தலையில், அவனால் தாங்க முடியாத பொறுப்பு ஏறி உட்காருகிறது. அப்பாவுக்குப் புண் வந்ததை அறிந்து அந்தப் பையன் கிணற்றடியில் நின்று அழுதான். அவன் என்ன செய்வான்?

இந்த வித்தியாசத்தை எண்களாலும் பார்த்திருக்கிறார்கள். லின்டா எய்கன் என்ற நர்சிங் ஆராய்ச்சியாளர் தலைமையில் 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பட்டம் பெற்ற நர்சுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. நோயாளியின் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு என்ன தெரியும், பார்க்க அவருக்கு நேரம் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் அதில் இருக்கின்றன.

அப்பா 12 நாளில் திரும்பி வந்தார். நாங்கள் நர்சம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டோம். தினமும் வர முடியாது, வாரம் இரண்டு நாள் வருகிறேன் என்றார். கொடுத்த பணத்தை முதலில் வாங்கவில்லை. "நீங்க வாங்கலேன்னா நாங்க கூப்பிட மாட்டோம்" என்று அம்மா சொன்னபிறகு வாங்கிக்கொண்டார். அது சரியென்றே நினைக்கிறேன். சேவை, தியாகம் என்று சொல்லியே இந்த வேலைக்கான கூலியை எவ்வளவு காலம் குறைத்து வைத்திருக்கிறோம்.

பையனை நிறுத்தச் சொல்லவில்லை அவர். "அவன் கை நல்ல கை. சொல்லிக்கொடுத்தா போதும்" என்றார். டியூப் மூக்கு நுனியில் தொடுகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். ஒவ்வொரு முறையும் கஞ்சி ஊற்றும் முன் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஊற்றாமல் போன் போட வேண்டும். எது நடந்தால் அவரைக் கூப்பிடுவது, எது நடந்தால் அவருக்குக்கூடச் சொல்லாமல் 108-ஐக் கூப்பிடுவது என்று சுவரில் எழுதி ஒட்டினார். 200 பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொல்லி நாளுக்கு ஒரு பக்கம் கோடு போட்டுக் கொடுத்தார். மூச்சு, நாடி, ஆக்சிஜன், எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திருப்பினோம், முதுகு எப்படி, வாய் எத்தனை முறை சுத்தம், சிறுநீர் எவ்வளவு, என்ன நிறம், முகத்தில் ஏதாவது மாற்றம். செய்கிற ஆள் அதே பையன்தான், செய்கிற வேலையும் அதேதான். ஆனால் அதற்குப் பின்னால் தெரிந்த ஒருவரின் கண் வந்துவிட்டது. வால் எலும்பின் மேலிருந்த கறுப்பு ஆறு வாரத்தில் தளர்ந்து, தோல் உடையாமலே ஆறியது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அந்த நோட்டைப் புரட்டிவிட்டுத்தான் அப்பாவின் கையைத் தொடுவார்.

இப்போது தெரிந்தவர்கள், ஹோம் நர்ஸ் வைக்கிறோம், எந்த ஏஜென்சி நல்லது என்று கேட்டு எனக்குப் போன் செய்கிறார்கள். ஏஜென்சி பெயரை நான் சொல்வதில்லை. வருபவர் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள் என்கிறேன். இல்லை என்றால் அதில் தவறு இல்லை, உதவிக்கு அவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது பதிவு பெற்ற ஒருவர் வந்து உடம்பு முழுக்கப் பார்க்க ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன்னால் வார்டு சிஸ்டரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே ஒருமுறை கஞ்சி ஊற்றிக் காட்டுங்கள், ஒருமுறை திருப்பிக் காட்டுங்கள். கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் தஞ்சாவூரில் அப்பா விழுங்குவதைச் சோதித்து, கெட்டியான பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம் என்றார்கள். முதலில் குழைத்த இட்லி. ஒரு வாரம் கழித்து நர்சம்மா அம்மாவைக் கூப்பிட்டு, "காபி போடுங்கம்மா" என்றார். அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "நான் கொடுக்க மாட்டேன் சிஸ்டர், நீங்களே கொடுங்க."

"நீங்கதான் கொடுக்கணும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

காபியில் அதைக் கெட்டியாக்குகிற பவுடரைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் கீழே சாய்த்தார் நர்சம்மா. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அப்பாவின் தொண்டைக் குமிழ் மேல் லேசாக வைத்துக்கொண்டார். அம்மாவின் கை நடுங்கியது. பாதி ஸ்பூன். தொண்டைக் குமிழ் விரலுக்கடியில் மேலே ஏறி இறங்கியது.

"இப்ப 'ஆ' சொல்லுங்க ஐயா."

அப்பா சொன்னார். ஈரமில்லாத, தெளிவான 'ஆ'. நர்சம்மா கண்ணை மூடி அதைக் கேட்டுவிட்டு, "இன்னொரு ஸ்பூன்" என்றார்.

அன்றைய நோட்டுப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் இருப்பது: மூச்சு 17. முதுகு சூடு இல்லை. காபி அரை ஸ்பூனாக 4 முறை. குரல் காய்ந்திருந்தது. முகம் நன்றாக இருந்தது.